விறகு, சுள்ளி, எரிபொருள்: இந்திய அடுப்புச் சீர்திருத்த வரலாற்றில் சில சொற்கள்

இந்திய வீடுகளின் அடுப்பைப் பற்றிப் பொருளியலாரும் பொறியியலாரும் மருத்துவரும் நிறைய எழுதியுள்ளனர். அடுப்பில் இடப்படும் பொருள்களைக் குறிக்கும் சொற்களைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. சொல் வேறு, பொருள் வேறு என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. எந்த வீட்டில் எது எரிகிறது என்று அரசு கணக்கெடுத்தபோதும், காடு அழிவதற்கு யார் காரணம் என்று அறிஞர் வாதிட்டபோதும், புதிய அடுப்பைக் கொண்டுபோய் மக்களிடம் கொடுத்தபோதும் இடையில் நின்றது ஒரு சொல்லே. அச்சொல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பிறந்து, இந்தி வழியாகவோ நேராகவோ மாநில மொழிகளுக்கு வந்தது. வந்த வழியில் அது எதை இழந்தது, எதனைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாய்வுக்குத் தூண்டுதலாக அமைந்தது ஒரு வினாநிரல். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வு நிறுவனத்திற்காக வீட்டு ஆற்றல் பயன்பாடு குறித்த ஆங்கில வினாநிரல் ஒன்றைத் தமிழில் பெயர்க்கும் பணி இக்கட்டுரையாளரிடம் வந்தது. 'சமையலுக்கு நீங்கள் பயன்படுத்தும் முதன்மையான எரிபொருள் எது?' என்பது அதன் பதினோராவது வினா. மொழிபெயர்ப்பில் பிழையேதும் இல்லை. கர்நாடகத்தின் சாமராசநகர் மாவட்டத்தில் தமிழ் பேசும் மக்கள் வாழும் ஒரு சிற்றூரில் வினாநிரல் சோதிக்கப்பட்டது. அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையாரிடம் வினா படிக்கப்பட்டதும் அவர், "எங்ககிட்ட வண்டியே இல்லீங்களே" என்றார்.

அவர் வினாவைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று குறித்துக்கொண்டு கள ஆய்வாளர் அடுத்த வினாவிற்குச் செல்ல முற்பட்டார். தவறு அம்மையாருடையது அன்று. அவருடைய தமிழில் எரிபொருள் என்பது பெட்ரோலும் டீசலும்தான். வானொலியிலும் செய்தித்தாளிலும் அவர் அச்சொல்லைக் கேட்ட இடமெல்லாம் விலையேற்றச் செய்திகளே.

எரிபொருள் என்னும் தொகைச்சொல்

ஆங்கிலத்தின் 'ஃப்யூயல்' என்னும் சொல் அடுப்பிலிருந்தே பிறந்தது. இலத்தீனில் அடுப்பையும் அதன் தீயையும் குறித்த 'ஃபோகஸ்' என்பதன் வழியாகப் பழைய பிரெஞ்சுக்கு வந்து, பின்னர் ஆங்கிலத்தை அடைந்தது. அடுப்பின் சொல் எந்திரத்திற்கும் விரிந்ததால் ஆங்கிலம் பேசுவோர்க்கு விறகும் பெட்ரோலும் ஒரே தலைப்பின்கீழ் இயல்பாக அடங்குகின்றன. வடமொழியின் 'இந்தனம்' என்பதும் முதலில் விறகே. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் இந்தனத்திற்கு விறகு எனப் பொருள் தருகிறது. இன்று இந்தி, கன்னடம், தெலுங்கு, மலையாளம் ஆகிய மொழிகளில் அச்சொல்லே பொது எரிபொருளைக் குறிக்கிறது. ஆயின் பேச்சுவழக்கில் அங்கும் அது எண்ணெய் நிறுவனங்களின் பக்கமே சாய்ந்துவிட்டது.

தமிழில் அமைந்தது எரிபொருள் என்னும் வினைத்தொகை. பொருள் தெளிவு உடையது, ஒலி இனிமையும் உடையது. குறை ஒன்றே: அடுப்பங்கரையில் அதற்கு வழக்கு இல்லை. அடுப்பங்கரையில் தொகைச்சொல்லின் தேவையே எழவில்லை. வினை இருந்தது: அடுப்பெரித்தல், அடுப்பில் போடுதல், தீ மூட்டுதல். வினைக்குரிய பொருள்கள் தத்தம் பெயரால் நின்றன. விறகு, சுள்ளி, மிலாறு, சருகு, செத்தை, முள், பனைமட்டை, தென்னம்பாளை, கொட்டாங்குச்சி, பருத்திமார், துவரைமார், சோளத்தட்டை, கரும்புச் சோகை, உமி, மரத்தூள், வறட்டி, கரி எனப் பட்டியல் நீளும். இவற்றுள் ஒவ்வொன்றும் வெவ்வேறு தீயைத் தருவது. பருத்திமார் சடசடவென எரிந்து அடங்கும். அருகில் ஆள் இருந்து தள்ளிக்கொண்டே இருத்தல் வேண்டும். வறட்டி கனன்று நெடுநேரம் நிற்கும். உமியைக் குழல்விட்டு இறுக்கி நிரப்பினால் தள்ளிவிட ஆளின்றித் தானே எரியும். எதை எரிக்கிறோம் என்பது எதைச் சமைக்கிறோம், அருகில் இருக்க யாருக்கு நேரமுண்டு என்பவற்றைப் பொறுத்தது.

வறட்டிக்கு இந்திய மொழிகளில் வழங்கும் பெயர்களே தனி ஆய்வுக்குரியவை. இந்தியில் உப்லா, கண்டா, பீகாரில் கோயிட்டா, வங்காளத்தில் குண்ட்டே, மராத்தியில் கோவரீ, குசராத்தியில் சாணாம், தெலுங்கில் பிடக்க, கன்னடத்தில் பெரணி, மலையாளத்தில் வரளி. தமிழின் வறட்டியும் மலையாளத்தின் வரளியும் உலர்தலைக் கொண்டு பெயர் பெற்றன. தமிழின் எருமுட்டை வடிவத்தால் பெயர் பெற்றது. அரியானாவிலும் பஞ்சாபிலும் பாலைச் சுண்டக் காய்ச்ச வறட்டித் தீயிடும் தனி அடுப்பு உண்டு. அதன் பெயர் 'ஹாரா'. அது 'சூல்ஹா' அன்று. அடுப்பைச் சீர்திருத்த வந்தவர்கள் சூல்ஹா ஒன்றையே கணக்கிட்டால் அதே முற்றத்தில் மாலைவரை புகைந்துகொண்டிருக்கும் ஹாரா கணக்கில் வாராது.

அடுப்பின் பெயர்கள் பற்றி இங்கே ஒரு சிறு இடையுரை. தமிழிலும் மலையாளத்திலும் அடுப்பு என்பது 'அடு' என்னும் வினையடியாகப் பிறந்தது. கன்னடத்தின் 'ஒலெ' தமிழின் உலையோடு உறவுடையது. கன்னடத்தில் அடுப்பையே குறிப்பது தமிழில் கொல்லன் உலைக்கும் அரிசியிடக் கொதிக்கும் நீருக்கும் சென்றுவிட்டது. வடமொழியின் 'சுல்லீ', அதன் வழிவந்த இந்தியின் சூல்ஹா ஆகியவற்றைத் தமிழின் சுள்ளை, சூளை என்பவற்றோடு பரோவும் எமனோவும் தம் திராவிடச் சொற்பிறப்பகராதியில் ஒப்பிட்டுக் காட்டியுள்ளனர். எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் சென்றது என்னும் வாதத்திற்கு இது இடமன்று. குடும்பம் என்பதற்கு இந்தியக் குடிக்கணக்கு தரும் வரையறையே ஒரு பொதுச் சமையலறையில் உண்பவர் என்பதை அடிப்படையாகக் கொண்டது என்பதை மட்டும் நினைவிற் கொள்ளலாம். அடுப்பு பிரிந்தால் வீடு பிரிந்தது என்னும் மக்கள் வழக்கைத்தான் கணக்கெடுப்பும் ஏற்றுக்கொண்டுள்ளது.

விறகும் சுள்ளியும்

1973இன் எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்து, 1975இல் எரிக் எக்கோம் என்பார் வேர்ல்டுவாட்ச் நிறுவனத்தின் வெளியீடாக ஒரு சிறு நூல் எழுதினார். ஏழை நாடுகளின் உண்மையான ஆற்றல் நெருக்கடி விறகே என்பது அதன் கருத்து. அந்நூல் உலகெங்கும் பரவியது. விறகு வெட்டுவதால் காடு அழிகிறது, காடு அழிவதால் விறகு கிடைப்பதில்லை, விறகின்மையால் சாணம் எரிக்கப்பட்டு வயல் உரம் இழக்கிறது என்னும் தொடர் வாதம் அரசு அறிக்கைகளில் ஏறத்தாழ வாய்பாடாகவே ஆயிற்று. இந்தியாவில் தேசிய வேளாண் ஆணையம் 1976இல் சமூகக் காடு வளர்ப்பைப் பரிந்துரைத்தபோது சிற்றூர்களின் விறகுத் தேவையும் அதற்குரிய காரணங்களுள் ஒன்றாயிருந்தது.

இவ்வாதத்தின் உள்ளே ஒரு மொழிச் சிக்கல் இருந்தது. ஆங்கிலத்தின் 'ஃபயர்வுட்', இந்தியின் 'லக்டீ' ஆகிய சொற்கள் கோடரியால் பிளந்த கட்டையையும் வேலியோரம் பொறுக்கிய குச்சியையும் வேறுபாடின்றிக் குறிப்பன. அறிக்கையைப் படிப்பவர் மனத்தில் எழுவதோ வெட்டி வீழ்த்தப்பட்ட மரத்தின் உருவம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் ஏ.கே.என். ரெட்டியின் முயற்சியால் தொடங்கப்பெற்ற அஸ்த்ரா குழுவினர் தும்கூர் மாவட்டச் சிற்றூர்களில் ஆற்றல் கணக்கெடுப்பு நடத்தினர். அடுப்பில் எரிபவற்றுள் பெரும்பங்கு பெண்களும் சிறுவரும் பொறுக்கிக் கொணர்ந்த சுள்ளியே என்பதும், அதற்காக மரம் வீழ்த்தப்படுவது அரிது என்பதும் அவ்வாய்வுகளால் தெரியவந்தன. மரத்தை வெட்டியது நகரத்து விறகுக்கடைக்கும் செங்கற்சூளைக்கும் ஆலைக்கும் உரிய கோடரி. பழி சுமந்தவர் சுள்ளி பொறுக்கியவர்.

தமிழில் சிந்தித்திருந்தால் இக்குழப்பம் அவ்வளவு எளிதில் நேர்ந்திராது எனலாம். விறகு வெட்டுதல், சுள்ளி பொறுக்குதல் என்று வினையே வேறுபடுகிறது. விறகு பொறுக்குதல் என்றும் கூறுவதுண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் சுள்ளி வெட்டினேன் என்று யாரும் கூறார். இவ்வேறுபாட்டைக் கையில் வைத்திருந்தும் நம் மொழிபெயர்ப்புகள் அதனைப் பயன்படுத்தவில்லை. ஆங்கிலத்தில் ஒரு சொல் இருப்பதால் தமிழிலும் ஒரு சொல்லே வேண்டும் என்னும் வழக்கம் நம்மிடம் ஊறியது. தேசிய மாதிரி ஆய்வின் எரிபொருள் பட்டியலில் 'விறகும் சில்லும்' என்னும் பொருள்பட ஓர் இனம் உண்டு. அதன் பிற்பகுதிக்கு ஒரு வரைவில் 'சிராய்' என்று இடப்பட்டிருந்ததை இக்கட்டுரையாளர் கண்டதுண்டு. சிராய் தச்சுப் பட்டறையில் இழைப்புளிக்கு அடியில் விழுவது. அகராதிப்படி அது சரி. அந்தப் பட்டியலில் சுள்ளிக்கு மட்டும் இடமில்லாமல் போயிற்று.

இதன் விளைவு வெறும் சொல்லளவில் நிற்கவில்லை. சமூகக் காடு வளர்ப்பின்கீழ்க் கர்நாடகத்தின் கோலார் முதலிய மாவட்டங்களில் பெருமளவு நடப்பட்டது தைலமரம். நேராக உயர்ந்து கம்பமாகும் மரம் அது. வளர்ந்தபின் அது சென்றது ஆலைகளுக்கும் கட்டடச் சாரங்களுக்கும். விறகு என்று கணக்கிடப்பட்டதால் மரம் நடப்பட்டது. சுள்ளி என்று கணக்கிட்டிருந்தால் வேலியையும் புறம்போக்கையும் காக்க வேண்டும் என்னும் எண்ணம் தோன்றியிருக்கக்கூடும்.

புகையில்லா அடுப்பு

அடுப்பைச் சீர்திருத்தும் முயற்சி எண்ணெய் நெருக்கடிக்கும் விடுதலைக்கும் முற்பட்டது. 1934இல் தொடங்கப்பெற்ற அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் வார்தாவின் மகன்வாடியில் இயங்கியது. அதனை நடத்தியவர் தஞ்சையில் பிறந்த ஜே.சி. குமரப்பா. அங்கு உருவான 'மகன் சூல்ஹா' 1940களில் அறிமுகமாயிற்று. இடத்தின் பெயரே அடுப்பின் பெயராயிற்று. அடுப்பு என்ன செய்யும் என்று அப்பெயர் எதுவும் உறுதி கூறவில்லை.

அடுத்து வந்தது ஐதராபாத்துப் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் அடுப்பு. அதனை வடிவமைத்த எஸ்.பி. ராஜு 1953இல் சென்னையில் வெளியிட்ட நூலின் பெயர், கோடிக்கணக்கானோர்க்குப் புகையில்லாச் சமையலறை என்னும் பொருளுடையது. புகை, கரி, வெப்பம், விரயம், தீ விபத்து ஆகிய ஐந்தினின்றும் பெண்களுக்கு விடுதலை என்பது அவர் வகுத்த இலக்கு. விறகுச் சிக்கனம் ஐந்தில் ஒன்று மட்டுமே. புகையே முதலிடம் பெற்றது. இங்குதான் 'இல்லாமை'யைக் குறிக்கும் அடைமொழி அடுப்போடு ஒட்டிக்கொண்டது. மராத்தியில் நிர்தூர் சூல், கன்னடத்தில் ஹொகெரஹித ஒலெ, தமிழில் புகையில்லா அடுப்பு எனப் பிற மொழிகளும் அவ்வாறே அமைத்துக்கொண்டன.

ராஜுவின் அடுப்பிலும் அதன் வழிவந்தவற்றிலும் புகை இல்லாமற் போகவில்லை. புகைபோக்கி வழியாகக் கூரைக்கு மேல் சென்றது. புகைபோக்கியில் கரி படிந்து அடைபட்டால் மீண்டும் வீட்டுக்குள்ளேயே திரும்பியது. ஆகவே புகைபோக்கி அடுப்பு என்று பெயரிட்டிருந்தால் அது உண்மையாகவும் இருந்திருக்கும்; துடைக்க வேண்டிய உறுப்பு எது என்பதையும் பெயரே நினைவூட்டியிருக்கும். 'புகையில்லா' என்னும் எதிர்மறைப் பெயரெச்சம் அளவு காட்டுவதன்று. இன்மையை முற்றாக உறுதிப்படுத்துவது. சிறிது புகைந்தாலும் பெயர் பொய்யாகிறது.

1983இல் நடுவண் அரசின் தேசியத் திட்டம் தொடங்கியபோது ஆங்கிலத்தில் 'மேம்பட்ட' என்னும் பொருளுடைய அடைமொழியும் இந்தியில் 'உன்னத்' என்பதும் வந்தன. காரணம் வெளிப்படை. எக்கோமின் வாதத்திற்குப் பின் திட்டத்தின் முதல் நோக்கம் விறகுச் சிக்கனமாக மாறியிருந்தது. மரபு அடுப்பின் வெப்பப் பயன்திறன் ஏறத்தாழ 10 விழுக்காடு என மதிப்பிடப்பட்டது; நிலையான மண் அடுப்புக்கு 20, எடுத்துச்செல்லும் உலோக அடுப்புக்கு 25 விழுக்காடு தேவையெனத் திட்டம் நிறுவியது. உலோக அடுப்புகளுக்குப் புகைபோக்கியே கிடையாது. பெங்களூரில் மத்திய மின்னாற்றல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'பிரியாக்னி' அவ்வகையினது. 1991இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 13152 என்னும் எண்ணில் வெளியிட்ட தரக்குறிப்பின் ஆங்கிலத் தலைப்பிலேயே சூல்ஹா என்னும் சொல் ஏறியது. இந்திய ஆங்கிலத்தின் கலைச்சொல்லாக அது நிலைபெற்றமைக்கு இதுவும் ஒரு சான்று.

ஆங்கிலத்திலும் இந்தியிலும் பெயர் மாறிய பின்னரும் தமிழில் புகையில்லா அடுப்பே வழக்கில் நீடித்தது. 'மேம்படுத்தப்பட்ட அடுப்பு' கோப்புகளைத் தாண்டவில்லை. யாரால் மேம்படுத்தப்பட்டது என்னும் வினாவை அச்செயப்பாட்டுவினை எழுப்புவதும் அதற்கு ஒரு காரணமாகலாம். 'உன்னத்' என்பதை எழுத்துப்பெயர்ப்பாக எடுத்துக்கொள்ளவும் வழியில்லை. தமிழில் உன்னதம் கலைக்கும் கவிதைக்கும் உரியது. இவ்வாறு ஒரே பொருளுக்கு இரண்டு அளவுகோல்கள் அமைந்தன. அலுவலர் விறகு குறைந்ததா என்று பார்த்தார். சமைப்பவர் புகை நின்றதா என்று பார்த்தார். 2002இல் திட்டம் முடிவுற்றபோது நிறுவப்பட்டவையாகக் கணக்கில் இருந்தவை 3 கோடிக்கும் மேல். அவற்றுள் பெரும்பகுதி அதற்குள் உடைந்தோ கைவிடப்பட்டோ போயிருந்தது. தோல்விக்கு மானிய முறை, தரக்குறைவான கட்டுமானம், பழுதுபார்ப்பின்மை எனப் பல காரணங்கள் கூறப்பட்டுள்ளன. அவை யாவும் உண்மையே. பெயரையும் அவற்றோடு சேர்த்தெண்ணுதல் தகும் என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

இதற்கு மாறான இரண்டு பெயர்களைச் சுட்டலாம். அஸ்த்ரா குழுவினர் தம் மூன்று வாய் அடுப்பிற்கு 'அஸ்த்ரா ஒலெ' என்றே பெயரிட்டனர். வீட்டுச்சொல்லைத் தொடாமல் விட்டனர். அரியானாவின் நாடா என்னும் சிற்றூரில் 1980களின் தொடக்கத்தில் மது சரீன் அவ்வூர்ப் பெண்களோடு சேர்ந்து உருவாக்கிய அடுப்பு 'நாடா சூல்ஹா' எனப்பட்டது. அங்கே அடுப்புக் கட்டும் பெண்கள் கொத்தருக்குரிய 'மிஸ்திரி' என்னும் பட்டத்தைப் பெற்றனர். அதுவரை அரியானாவில் அடுப்பு கட்டுவது பெண்ணின் வேலை, ஆனால் தொழில் அன்று. அப்பட்டம் அதனைத் தொழிலாக்கியது.

திண்மமும் தூய்மையும்

புகையின் மருத்துவ வரலாறு வேறு தடத்தில் சென்றது. தில்லியில் இதய மருத்துவர் எஸ். பத்மாவதி 1959இல் பாதக் என்பாருடன் எழுதிய கட்டுரையிலேயே நுரையீரல் நோயால் விளையும் இதயப் பாதிப்பு பெண்களிடம் காணப்படுவதையும் அடுப்புப் புகையையும் இணைத்துப் பார்த்தார். 1983இல் கர்க் ஸ்மித், அகர்வால், தவே ஆகிய மூவர் குசராத்தின் சிற்றூர்களில் சமைக்கும் பெண்களின் உடையிலேயே கருவி பொருத்திப் புகையை அளந்தனர். அதன்பின் மருத்துவ இலக்கியத்தில் நிலைபெற்ற ஆங்கிலத் தொடர் தமிழில் 'உள்ளரங்கக் காற்று மாசு' ஆயிற்று. உள்ளரங்கம் என்றதும் நமக்குத் தோன்றுவது விளையாட்டரங்கு. கோடையில் முற்றத்தில் சமைப்பவருக்கு உள்ளும் இல்லை, அரங்கமும் இல்லை. 2010க்குப் பின் உலக சுகாதார நிறுவனத்தின் வெளியீடுகளில் 'வீட்டுக் காற்று மாசு' என்னும் தொடர் அதன் இடத்தைப் பெற்றது நல்ல திருத்தம். நம் பாடநூல்கள் திருத்திக்கொள்ளத் தடையேதும் இல்லை.

எரிபொருளை வகைப்படுத்திய முறையிலும் மாற்றம் நேர்ந்தது. 2000இல் தொடங்கிய புத்தாயிர இலக்குகளின் குறியீடுகளுள் ஒன்று திண்ம எரிபொருளைப் பயன்படுத்துவோர் விகிதம். விறகும் வறட்டியும் நிலக்கரியும் ஒரு பக்கம். மண்ணெண்ணெய் எரிவாயுவோடு மறுபக்கம். தமிழில் இதற்கு 'திட எரிபொருள்' என்றும் எழுதினர். அத்தொடரோ செய்தித்தாள் வாசகருக்கு ஏவுகணையின் முதற்கட்டத்தை நினைவூட்டுவது. 2014இல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுநெறிகள் மண்ணெண்ணெயையும் தவிர்க்கச் சொல்லின. 2015இன் வளங்குன்றா வளர்ச்சி இலக்குகளில் அளவுகோல் 'தூய எரிபொருள்' என மாறியது. மண்ணெண்ணெய் பக்கம் மாறிற்று.

2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பல்லியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் இந்தி முழக்கம் 'ஸ்வச்ச' என்னும் சொல்லைத் தேர்ந்தது. இந்தியில் அழுக்கின்மைக்கு ஸ்வச்ச, சடங்குத் தூய்மைக்கு சுத்த என ஏறத்தாழ ஒரு பிரிவினை உண்டு. தமிழின் தூய்மை இரண்டையும் தழுவியது. சாணத்தால் மெழுகித் தூய்மை செய்த தரையில் அமர்ந்து, வேள்விக்கும் உரிய வறட்டியை எரிப்பவரிடம் இது தூய எரிபொருள் அன்று என்று கூறுவது முரணாகவே ஒலிக்கும். 'புகை குறைந்த' என்று சொல்வதே பொருத்தம்.

எண்கள் மாறிவருகின்றன. 2001 குடிக்கணக்கின்படி விறகை முதன்மையாகக் கொண்ட வீடுகள் 52.5 விழுக்காடு, எரிவாயு 17.5 விழுக்காடு. 2011இல் விறகு ஏறத்தாழ 49, எரிவாயு ஏறத்தாழ 28.5. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், அதாவது 2019-21இல், தூய எரிபொருள் பயன்படுத்தும் வீடுகள் 58.6 விழுக்காடு. இவ்வெண்கள் யாவும் 'முதன்மையான' என்னும் ஓர் அடைமொழியின்மீது நிற்பவை.

சாமராசநகர் மாவட்டத்து அம்மையாரிடம் வினா மாற்றிக் கேட்கப்பட்டது: "அடுப்புல எதைப் போட்டு எரிப்பீங்கம்மா?" அவர் உடனே, "எந்த அடுப்புல?" என்றார். வெந்நீர் அடுப்பு வாசலில். அதற்குச் செத்தையும் சோளத்தட்டையும். காலையில் சோற்றுக்குச் சுள்ளி. இரவில் கேழ்வரகுக் களி கிண்ட விறகு. களிப்பானையை இரு கால்களாலும் அணைத்துக்கொண்டு கிண்டுவதற்குத் தரையடுப்பே தோது. விருந்தாளி வந்தால் தேநீருக்குக் கேஸ். மழைக்காலத்தில் சுள்ளி நனைந்தால் கேஸ் சற்றுக் கூடுதல்.

அந்த விடையை எழுத வினாநிரலில் ஒரு கட்டமே இருந்தது. அதில் இடவேண்டியது ஓர் எண் மட்டும். இக்கட்டுரையாளர் இரண்டு திருத்தங்களை எழுதி அனுப்பினார். எரிபொருள் என்பதை நீக்கி 'எதைப் போட்டு எரிக்கிறீர்கள்' என்று மாற்றுதல் ஒன்று. அடுப்புதோறும், வேளைதோறும் தனித்தனிக் கட்டம் அமைத்தல் மற்றொன்று. முதலாவது ஏற்கப்பட்டது. இரண்டாவதற்கு, பிற மொழி வினாநிரல்களோடு கட்ட எண்ணிக்கை ஒத்திருக்க வேண்டும் என்று விடை வந்தது. அம்மையாரின் வீட்டுக்கு எதிரே 'விறகு' என்பதற்குரிய எண் இடப்பட்டது.